சேசிஸ் மீது ஏறிய வீடு: டெட்ராய்டிலிருந்து எல்க்ஹார்ட் வரை

வியாழன், டெட்ராய்ட்

பிக்கெட் அவென்யூவில் 1904ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் கட்டிய மூன்று மாடிச் செங்கற் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அக்காலத்து நூற்பாலைகளைப் போல நீண்டு ஒடுங்கிய கட்டடம். இருபுறமும் வரிசையாகச் சன்னல்கள், நடந்தால் முனகும் மரத்தளம். மூன்றாம் மாடியில் ஒரு மூலையைத் தடுத்து அமைத்த அறையில்தான் மாடல் டி காரின் வரைபடங்கள் உருவாயின. 1908 செப்டம்பரில் முதல் வண்டி இங்கிருந்துதான் வெளிவந்தது. வந்திருந்தவர்களில் பலர் பித்தளை விளக்குகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்ததோ பாடி இல்லாத வெறும் சேசிஸ், அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம். அதை ஓரிடத்தில் பார்த்துவிட்ட பிறகு வேறெதையும் நான் கவனமாகப் பார்க்கவில்லை.

1910ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1930கள் வரையில், அமெரிக்காவின் தச்சர்களும் உழவர்களும் பட்டறைக்காரர்களும் கார்களின் சேசிஸ்மீது தங்கள் கையாலேயே சிறு வீடுகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஹவுஸ் கார் என்று அன்று அழைக்கப்பட்ட அந்த வண்டிகளின் தடத்தை, சேசிஸ் பிறந்த டெட்ராய்டில் தொடங்கி, மிஞ்சிய வண்டிகள் சிலவற்றைக் காத்துவைத்திருக்கும் இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வரை பின்தொடர்வதே இந்தப் பயணத்தின் நோக்கம். இவ்வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சன்னல் திரையையும் மடக்குக் கட்டிலையும் திறந்த சாலையின் விடுதலையையுமே எழுதுகிறார்கள். எனக்கோ அவை ஒவ்வொன்றும் எடையைப் பற்றிய ஒரு கணக்கின் விடையாகவே தோன்றுகின்றன. அந்தக் கணக்கின் வினாத்தாள் பிக்கெட் அவென்யூவில் இருக்கிறது.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 100 அங்குலம். இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் சில குறுக்குச் சட்டங்கள். முன்னால் குறுக்காக ஒரு ஸ்பிரிங் பட்டை, பின்னால் குறுக்காக ஒன்று. நம் லாரிகளில் இருப்பதுபோலச் சக்கரத்துக்குச் சக்கரம் நீளவாக்கில் பட்டைகள் கிடையாது. பள்ளமும் மேடுமான மண்சாலையில் ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் ஏறி இறங்குவதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேலே உயரமான கூடு ஒன்றை ஏற்றினால், அது பக்கவாட்டில் ஆடுவதைத் தடுக்க இந்தப் பட்டைகளால் அதிகம் இயலாது. அதைவிடப் பெரிய சிக்கல் பின்பக்கத்தில் இருக்கிறது. சட்டம் பின்னச்சுக்கு மேலேயே முடிந்துவிடுவதால், அதற்கு அப்பால் நீட்டிக் கட்டப்படும் ஒவ்வோர் அடியும் முன்சக்கரங்களின் பாரத்தைக் குறைத்து ஸ்டியரிங்கைப் பிடிமானமில்லாமல் ஆக்கும். எஞ்சினின் திறன் 20 குதிரைத்திறன். முன்சக்கரங்களில் பிரேக்கே கிடையாது.

கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்கள், வெறும் சேசிஸ்மீது கூடு எழும்பும் முறையை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஆனால் கரூர்ப் பட்டறைக்கு வரும் சேசிஸ், பேருந்துக்கென்றே செய்யப்பட்டது. இங்கே வீட்டைச் சுமந்ததோ, ஐந்து பேர் உட்கார்ந்து போவதற்காகச் செய்யப்பட்ட ஒரு கார்.

வெள்ளி, டியர்பார்ன்

டெட்ராய்டை ஒட்டியுள்ள டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் பெயரைத் தாங்கிய பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் நாடோடிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு, ஏறத்தாழ ஆண்டுதோறும் கோடையில் கார்களில் கூடாரமடிக்கப் போன கதை இங்கே விரிவாகச் சொல்லப்படுகிறது. பெட்ரோல் அடுப்பும் பனிப்பெட்டியும் பொருத்திய சமையல் வண்டி ஒன்று கூடவே வந்தது. அதற்கென்று சமையற்காரரும் இருந்தார். கூடாரங்களுக்கு எடிசனின் மின்கலங்கள் விளக்கெரித்தன. 1921இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கே வந்து அவர்களோடு தங்கினார். பின்னால் இத்தனை வண்டிகளும் பணியாட்களும் வர நாடோடியாக வாழ்வது எவருக்கும் எளிதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் இந்தப் பயணங்களின் படங்கள் நாளிதழ்களில் வெளிவந்து, காரில் போய் வெளியில் தங்குவது மதிப்பான பொழுதுபோக்கு என்ற எண்ணத்தைப் பரப்பின என்பதை மறுக்க முடியாது.

பணமுள்ளவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை; வேண்டிய அளவுக்குப் பெரிய வண்டியாகவே செய்துகொண்டார்கள். 1915 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து ஹண்டிங்டனிலிருந்து ரோலண்ட் காங்க்லின் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவை நோக்கிப் புறப்பட்ட 'ஜிப்சி வேன்' 25 அடி நீளமும் 8 டன் எடையும் கொண்டது. காங்க்லின் பேருந்து நிறுவன உரிமையாளர். தம் நிறுவனத்திலேயே அதைக் கட்டுவித்தார். மின்னாக்கி, முழுச் சமையலறை, ரயில் படுக்கைகளைப் போன்ற படுக்கைகள், மறைத்துவைத்த புத்தக அலமாரி, கிராமபோன், கூரைமேல் தோட்டம் எல்லாம் அதில் இருந்தன. நியூயார்க் டைம்ஸ் அதைப் புகழ்ந்து எழுதியது. எட்டு டன் என்பது பத்துக்கும் மேற்பட்ட மாடல் டி கார்களின் எடை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன் கொட்டகையில் ரம்பத்தைக் கையில் எடுத்த ஒரு சாதாரணத் தச்சருக்கு அதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதும் இருந்திருக்காது என்பது புலப்படும்.

கடையில் வாங்கலாமே என்றால் அதற்கும் வழி இருந்தது. 1920இல் மதுவிலக்கு வந்து பீர் விற்க முடியாமல் போனபின் வேறு தொழில்களைத் தேடிய ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம், செயின்ட் லூயிஸில் மாடல் டி சேசிஸுக்கேற்ற 'லாம்ஸ்டீட் காம்ப்கார்' என்னும் பாடியைச் செய்து 535 டாலருக்கு விற்றது. மிச்சிகனின் பே சிட்டியில் சாகல்மையர் என்னும் நிறுவனமும் இத்தகைய பாடிகளைச் செய்தது. ஆனால் அதே காலத்தில் புதிய மாடல் டி காரே 535 டாலரைவிடக் குறைவான விலைக்குக் கிடைத்தது. காரைவிட அதன்மேல் வைக்கும் வீட்டுக்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்றால், பலகையும் ஆணியும் கைத்திறனும் உள்ளவர் தாமே கட்டிக்கொள்வதில் வியப்பில்லை. ஃபோர்டு வெறும் சேசிஸை மட்டும் தனியாகவும் விற்றது. பழைய காரின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொடங்கியவர்களும் உண்டு.

சனி, ஹிக்கரி கார்னர்ஸ்

காலமசூவுக்கும் பேட்டில் கிரீக்குக்கும் நடுவே, வயல்களுக்கிடையில் சிவப்புக் களஞ்சியங்களாக விரிந்து கிடக்கிறது கில்மோர் கார் அருங்காட்சியகம். பியர்ஸ்-ஏரோ கார்களுக்கென்றே தனிக் கட்டடம் இருப்பதால் முதலில் அங்கே போனேன். 1910இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் அந்த நிறுவனம் காட்டிய 'டூரிங் லாண்டோ'வே முகாமுக்கென்று தொழிற்சாலையில் செய்யப்பட்ட முன்னோடிகளில் ஒன்று. படுக்கையாக மாறும் பின்னிருக்கை, ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து மடித்து இறக்கும் கைகழுவும் தொட்டி, மலசலம் கழிக்கும் பாத்திரம், ஓட்டுநரோடு பேசத் தொலைபேசி ஆகியவை அதில் இருந்தன. செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே அது நின்றுவிட்டது.

இங்கு வந்ததன் உண்மையான காரணம் வேறு. பார்வையாளர்களுக்கு மாடல் டி ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றை இந்த அருங்காட்சியகம் நடத்துகிறது. அதில் இடம் பதிவு செய்திருந்தேன். தரையில் மூன்று பெடல்கள் இருக்கின்றன, ஆனால் எதுவும் நாம் எதிர்பார்க்கும் வேலையைச் செய்வதில்லை. இடது பெடலை முழுக்க அழுத்தினால் முதல் கியர், முழுக்க விட்டால் இரண்டாம் கியர், நடுவில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப் பெடல் பின்னோக்கிச் செல்வதற்கு. வலது பெடல் பிரேக். அதுவும் கியர் பெட்டிக்குள் இருக்கும் உருளையைத்தான் பிடிக்கிறது. வேகத்தைக் கூட்டுவது ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் உள்ள கைக்கோல்; இடப்பக்கக் கோல் தீப்பொறியின் நேரத்தை முன்பின்னாக மாற்றும். அருகில் உட்கார்ந்திருந்த முதிய பயிற்றுநர், "பிரேக்கை நம்பாதீர்கள், தூரத்தை நம்புங்கள்" என்றார். சிறு ஏற்றத்தில் இடது காலை ஊன்றியபடியே முதல் கியரில் ஏறியபோது, மலைப்பாதையில் மணிக்கணக்காக அந்தப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தவர்களின் கெண்டைக்கால்களை நினைத்துக்கொண்டேன். பெட்ரோல் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருப்பதாலும், எரிபொருள் பம்ப் இல்லாமல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கி வரவேண்டியிருப்பதாலும், தொட்டி பாதிக்குமேல் காலியான வண்டியைச் செங்குத்தான மேட்டில் திருப்பி நிறுத்திப் பின்னோக்கியே ஏற்றுவது அக்காலத்து வழக்கம். அடுப்பும் படுக்கையும் உள்ள வீடு ஒன்று, வாசலை முன்னே வைத்துக்கொண்டு மலையேறிய காட்சி பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்; உள்ளே இருந்த பாத்திரங்களுக்கு அப்படி இருந்திருக்காது.

பயிற்சி முடிந்தபின் மரத்தடி மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து பேரைச் சுமக்கும் கார் என்றால், ஆளுக்கு 150 பவுண்டு வீதம் 750 பவுண்டு. அதில் ஆறு அடி அகலம், ஒன்பது அடி நீளம், ஆறு அடி உயரத்தில் ஒரு பெட்டி வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு சுவர்களுக்கு 180 சதுர அடி, கூரைக்கும் தரைக்கும் 54 வீதம் 108, ஆக 288 சதுர அடி. முக்கால் அங்குலப் பைன் பலகை சதுர அடிக்கு ஒன்றரைப் பவுண்டுக்கு மேல் வரும். பலகை மட்டுமே 430 பவுண்டைத் தாண்டிவிடும். தூண்களும் குறுக்குக் கட்டைகளும் கதவும் கண்ணாடியும் சேர்ந்தால் 600ஐ நெருங்கும். கணவனும் மனைவியும் ஏறி உட்காருவதற்குள்ளேயே கணக்கு முடிந்துவிடுகிறது. தண்ணீர், அடுப்பு, மெத்தை, உணவு எதையும் இன்னும் ஏற்றவில்லை.

ஆகவேதான் இந்த வண்டிகளின் பழைய படங்களில் இரண்டு வகை தெரிகிறது. ஒரு வகையில் மெல்லிய மரச்சட்டங்கள்மீது கெட்டித் துணியை இழுத்து ஆணியடித்து, எண்ணெய்ச் சாயம் பூசியிருப்பார்கள். சுவருக்கும் கூரைக்கும் வேண்டிய துணி, சாயத்தோடு சேர்த்துக்கூட முப்பது நாற்பது பவுண்டில் அடங்கிவிடும். மழைக்குத் தாங்கும், குளிருக்கு உதவாது. மற்றொரு வகையினர் பலகையை விட மனமில்லாமல் சேசிஸை வலுப்படுத்தினார்கள். சிகாகோவின் ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக் போன்ற இணைப்புகள் காரின் சட்டத்தைப் பின்னால் நீட்டி, பழைய பின்னச்சைச் சங்கிலி ஓட்டும் இடையச்சாக மாற்றி, அதற்குப் பின்னால் கனமான புதிய அச்சைப் பொருத்தின. 1917இல் ஃபோர்டே ஒரு டன் தாங்கும் மாடல் டிடி சேசிஸை வெளியிட்டது. எடையைத் தாங்க வைத்தாயிற்று. ஆனால் எஞ்சின் பழைய 20 குதிரைத்திறன்தான். டிடி வண்டி மணிக்கு 15 முதல் 20 மைல் போனாலே அதிகம். துணியைத் தேர்ந்தவர் குளிரில் நடுங்கினார், பலகையைத் தேர்ந்தவர் ஊர்ந்தார். என்னைக் கேட்டால் நான் துணியின் பக்கம்.

ஞாயிறு, சாலையில்

பேட்டில் கிரீக்கிலிருந்து தெற்கே ஸ்டர்ஜிஸ், அங்கிருந்து பழைய சிகாகோ சாலையில் மேற்கே ஒயிட் பிஜன், பிறகு எல்லை தாண்டி எல்க்ஹார்ட். சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சமவெளி. இவ்வளவு தட்டையான நிலத்தில் மாடல் டி வீடுகள்கூட மூச்சு வாங்காமல் போயிருக்கும்.

எல்க்ஹார்ட் நகரின் ஊடாகத்தான் 1913இல் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்து அறிவிக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலையின் முதல் தடம் சென்றது. 1915இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. போவதற்குச் சாலையும், போய்ச்சேர இடமும், வாங்கக்கூடிய விலையில் காரும் ஒரே பத்தாண்டில் அமைந்தன. வழியோர நகராட்சிகள் வருபவர்களுக்கு முகாம் திடல்களை முதலில் இலவசமாகவே திறந்தன. தங்குபவர்கள் ஊர்க்கடைகளில் செலவழிப்பார்கள் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. டப்பா உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டுச் சிக்கனமாகக் காலம் தள்ளியவர்கள், 1919இல் புளோரிடாவின் தாம்பா நகரில் டி சோட்டோ பூங்காவில் கூடித் 'தகரடப்பாச் சுற்றுலாக்காரர்கள்' என்ற பெயரில் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த காலி டப்பாதான் அவர்களின் அடையாளச் சின்னம்.

திங்கள், எல்க்ஹார்ட்

கட்டணச் சாலையின் வெளிவழிக்கு அருகிலேயே இருக்கிறது, ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளுக்கான அருங்காட்சியகம். உள்ளே தார்ச்சாலை போல வளைந்து செல்லும் பாதையின் இருபுறமும் வண்டிகளைக் காலவரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். முற்பகல் முழுவதும் முதல் சில வண்டிகளிடமே கழிந்தது.

1915ஆம் ஆண்டு மாடல் டி ஒன்றின் பின்னால் ஏற்றப்பட்ட 'டெலஸ்கோப்பிங் அபார்ட்மெண்ட்' இங்கே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் குஸ்தாவ் த பிரெட்வில் வடிவமைத்தது. ஓடும்போது இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி மட்டுமே தெரியும். நிறுத்தியபின் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு பெட்டியைப் பின்னோக்கி இழுத்தால் இருவர் படுக்க இடம் கிடைக்கும். பக்கவாட்டில் இழுப்பறைகள் வெளிவரும். இந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வியாழக்கிழமை பார்த்த சேசிஸில் பின்னச்சுக்கு அப்பால் நீட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு ஓடும்போதுதான் உண்டு, நின்றபின் இல்லை. அதை உணர்ந்த ஒருவர், ஓடும்போது பாரம் முழுவதையும் அச்சின்மேல் சுருக்கி வைத்து, நின்றபின் இடத்தை மட்டும் விரித்துக்கொண்டார். இன்றைய சொகுசு வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் சுவர் வெளியே நகர்ந்து அறை பெரிதாகும் ஏற்பாட்டுக்கு இதே சிந்தனைதான் அடிப்படை. நான் பார்த்தவற்றுள் அறிவுக்கூர்மையில் இதற்கு இணையானது வேறில்லை.

அருகில் 1913ஆம் ஆண்டு எர்ல் டிரெய்லர், அதே ஆண்டின் மாடல் டி காருக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கிறது. கால்டெக் எனப்படும் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஒருவருக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் குதிரைவண்டி செய்பவரால் கட்டப்பட்டதாம். சேசிஸ்மீது ஏற்றாமல், தனிச் சக்கரங்களில் வீட்டை இழுத்துச் செல்லும் இந்த வழி அப்போதே இருந்தும், பலர் ஏன் அதைப் பின்பற்றவில்லை என்ற கேள்வி எழுகிறது. 20 குதிரைத்திறன் எஞ்சினும் பின்சக்கரங்களை மட்டுமே நிறுத்தும் பிரேக்கும் உள்ள கார், சேற்றுச் சாலையில் இன்னொரு வண்டியை இழுப்பது அவ்வளவு எளிதன்று என்பதே விடையாக இருக்க வேண்டும். 1927 இறுதியில் வந்த மாடல் ஏ காரில் 40 குதிரைத்திறனும் நான்கு சக்கரங்களிலும் பிரேக்கும் கிடைத்தன, சாலைகளும் கெட்டிப்பட்டன. அதன்பின் இழுப்பது இயல்பாயிற்று.

நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டிய வண்டி 1931 செவ்ரலே ஹவுஸ் கார். நடிகை மே வெஸ்டுக்காகப் பாரமவுண்ட் ஸ்டுடியோ செய்து கொடுத்தது. சிறு அடுப்பு, பனிப்பெட்டி, மேசை, பின்பக்கத்தில் ஆடுநாற்காலி போட ஒரு திண்ணை. விடுதிக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கும் இடையே அவர் ஓய்வெடுத்துக்கொண்டு போவதற்கானது இது, இரவு தங்குவதற்கானதன்று. கோடம்பாக்கத்துக் கேரவன்களின் பாட்டியை எல்க்ஹார்டில் சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிற்பகலில் டிரெய்லர்களின் வரிசைக்கு வந்தேன். டெட்ராய்டைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷெர்மன், சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று விற்கப்பட்ட கூடார டிரெய்லரை மழையில் விரிக்க முடியாமல் குடும்பத்தோடு நனைந்தபின், 1929இல் ஆறு அடிக்கு ஒன்பது அடியில் மேசனைட் அட்டைப் பலகையால் தம் குடும்பத்துக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார். 'கவர்டு வேகன்' என்று பெயரிட்டு 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். அந்தப் பத்தாண்டின் நடுவில் அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர் அவரே. அதுவும் ஒரு குடும்பத்தின் தேவையிலிருந்து பிறந்ததுதான், ஆனால் எடையைக் காரின் முதுகிலிருந்து இறக்கிவிட்டது. முகாமில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குக் காரில் போகலாம். கார் பழுதானால் வேறு காரைப் பூட்டலாம். ஹவுஸ் காரிலோ எஞ்சின் நின்றால் வீடும் நின்றுவிடும், சட்டம் முறிந்தால் சமையலறையும் சேர்ந்து போய்விடும். முப்பதாண்டு காலம் ஹவுஸ் கார்கள் ஓரங்கட்டப்பட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மீண்டும் அவை வந்ததும் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்துதான். மிச்சிகனின் பிரவுன் சிட்டியில் ரே ஃபிராங்க் என்பவர் 1958இல் தம் குடும்பத்துக்காக டாட்ஜ் டிரக் சேசிஸ்மீது ஒரு வண்டியைக் கட்டினார். 1961இல் அது ஃபிராங்க் மோட்டார் ஹோம் என்று விற்பனைக்கு வந்து, பின்னர் கண்ணாடியிழைக் கூட்டோடு டிராவ்கோ ஆயிற்று. இம்முறை அடியில் இருந்தது டிரக் சேசிஸ், ஆகையால் பலகையா துணியா என்ற கேள்வியே எழவில்லை.

இன்றும் எல்க்ஹார்ட் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் பெட்ரோல் எஞ்சினுள்ள பெரிய மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை ஃபோர்டு எஃப்-53 என்னும் வெறும் சேசிஸ்மீதே கட்டப்படுகின்றன. புதிய வண்டி ஒவ்வொன்றிலும், பயணிகளும் பொருட்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அச்சிட்ட ஒரு ஒட்டுச்சீட்டை ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். மாலையில் ஊருக்கு வெளியே உள்ள ஒரு விற்பனைத் திடலில் ஐந்தாறு வண்டிகளின் கதவைத் திறந்து அந்தச் சீட்டைத் தேடிப் படித்தேன். முப்பது அடிக்கு மேற்பட்ட ஒரு வண்டியில், தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தபின் ஒரு குடும்பத்துக்கும் அதன் மூட்டைகளுக்கும் மிஞ்சுவது நான் நினைத்ததைவிட மிகக் குறைவு. விற்பனையாளர் எனக்குத் தொலைக்காட்சியின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தார்.